களமும் கொள்கையும்

போர் படைத்தலைவன் பொறுப்பு, அரசியல் நாடாள்வோன் பொறுப்பு என்று பிரித்துப் பேசுவார் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஏடுகளைப் புரட்டுவோமானால், அப்பேச்சின் வெறுமை விளங்கும்.

வடபுலத் தளபதி மெக்ளெல்லன் படை திரட்டுவதில் வல்லவர். பாய்வதிலோ தயக்கமே உருவானவர். 1862 செப்டம்பர் 17 அன்று ஆண்டிடம் களத்தில், ஒரே நாளில், மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக இருதரப்பிலும் ஏறத்தாழ 23,000 பேர்! தென்புலத் தளபதி லீ பின்வாங்கினார். விரட்டிச் செல்லவேண்டிய மெக்ளெல்லன் நின்றுவிட்டார். லிங்கன் நிற்கவில்லை. ஐந்தே நாட்களில் அடிமை விடுதலை முன்னறிவிப்பை வெளியிட்டார். நவம்பரில் தளபதியை மாற்றினார். 1863 சனவரி 1 அன்று, கிளர்ச்சிப் பகுதிகளின் அடிமைகள் இனி உரிமை மக்கள் என்ற ஆணை பிறந்தது.

அறம் மட்டுமா அது? போர்முறையும் ஆகும்! தென்புலத்தில் வயலை உழுததும் அடிமையின் கரம். அரண் எழுப்பியதும் அடிமையின் கரம். அக்கரம் விலங்கொடித்தால் ஆதிக்கம் எதன்மீது நிற்கும்? ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர் வடபுலப் படையில் அணிவகுத்தனர். 1865 ஏப்ரல் 9 அன்று லீ சரணடைந்தார்.

ஆயினும், வடபுலத்தோடு நின்ற எல்லை மாநிலங்களின் அடிமைகளை அந்த ஆணை தொடவில்லை. 1865 டிசம்பரில், அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தமே நாடெங்கும் அடிமை முறையை ஒழித்தது. களத்து வெற்றி சட்டமாக வேண்டியிருந்தது.

1873இல் சோதிராவ் பூலே, சாதிக் கொடுமையைச் சாடிய தம் 'குலாம்கிரி' நூலை, அடிமைத்தளை அறுத்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். தளை எந்நாட்டில் அறுந்தாலும், தளைப்பட்டோர்க்கெல்லாம் அது நம்பிக்கை என்பதை நாமும் நெஞ்சில் நிறுத்துவோம்!