‘இனிய வாழ்வு’ திரைப்படமும் திருச்சபையின் தீர்ப்பும்

1960 பிப்ரவரியில் இத்தாலியில் வெளிவந்த ‘லா டோல்சே வீட்டா’, அதாவது ‘இனிய வாழ்வு’, திருச்சபைக்கும் கலைக்குமுள்ள உறவை ஆராய்வோர் கருதத்தக்க திரைப்படமாகும். போருக்குப்பின் செல்வம் பெருகிய ரோமாபுரியில் பிரபுக்களும் நடிகர்களும் நடத்திய இரவுக் களியாட்டங்களை, மார்செல்லோ என்னும் பத்திரிகையாளன் வாயிலாக இயக்குநர் ஃபெல்லினி இதிற் சித்திரித்தார்.

வத்திக்கானின் நாளேடான ‘ஒஸ்ஸெர்வாத்தோரே ரொமானோ’ படத்தைக் கடுமையாகக் கண்டித்தது. இயேசு சபைக் குருவாகிய ஆஞ்செலோ ஆர்ப்பாவோ அதனை ஆதரித்தார். சாதகமாக மதிப்புரை எழுதிய மற்றொரு குருவாகிய நசரேனோ தத்தேயி மேலிடத்தின் தண்டனைக்கு உள்ளானார். அவ்வாண்டு மே மாதத்திலேயே கான் திரைவிழாவின் தலையாய பரிசு இப்படத்திற்குக் கிடைத்தது.

இப்படம் இன்பத்தைப் போற்றியதா? தொடக்கத்தில் கிறிஸ்துவின் சிலையொன்று ஹெலிகாப்டரில் தொங்கியவாறு நகரின்மேற் செல்கிறது; உடன்செல்லும் பத்திரிகையாளரோ மாடியிலுள்ள பெண்களின் தொலைபேசி எண்ணைக் கேட்கின்றனர். நடுவில், அறிவாளியெனப் போற்றப்பட்ட ஸ்டைனர் தன் இரு குழந்தைகளைக் கொன்று தானும் மாய்கிறான். இறுதியில் கடற்கரையில் ஒரு சிறுமி அழைக்கிறாள். அலையோசையில் அது மார்செல்லோவுக்குக் கேட்கவில்லை. அவன் களியாட்டக் கூட்டத்தோடு திரும்பிச் செல்கிறான்.

பாவத்தின் வெறுமையைக் காட்டுவோன் பாவத்தைப் பரிந்துரைப்பவன் ஆகான். களியாட்டக் காட்சிகளை மட்டுங்கொண்டு தீர்ப்புரைப்போருக்கு இம்முடிவு புலப்படாது. ஒரு படைப்பை முழுவதும் ஆராய்ந்தபின்னரே தீர்ப்புரைத்தல் மேய்ப்பரின் கடமையாகும்.