நிலக்கொடையும் ஆலைக்கொடையும்

இன்றைய திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகள் 1997 வரை பழைய செங்கற்பட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்தன. அம்மாவட்டத்தின் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், 1891ஆம் ஆண்டில் நம் முன்னோர் நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். குடியிருந்த மனையும் மிராசுதாரருடையதாக இருந்தமையால், எதிர்த்து நின்றவன் குடிசையையே இழக்க நேர்ந்த காலம் அது. அவ்வறிக்கையின் பயனாய் 1892இல் பிறந்த அரசாணையே, பின்னாளில் பஞ்சமி நிலம் என வழங்கிய கொடைக்கு வித்து. பிறருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை இருந்தும், கடனுக்கும் அச்சத்துக்கும் ஈடாக அந்நிலங்களுள் பல கைமாறின. பத்திரத்தைப் படித்தறியவல்லார் அன்று சேரியில் எத்தனை பேர்? நிலம் வந்த வேகத்தில் எழுத்து வரவில்லை என்பதே நம் துணிபு. கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றில் தொடங்கிய இலவசப் பள்ளி போன்றவை எல்லாச் சேரிகளையும் எட்டவில்லை.

பிற்காலத்தில் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய கம்பெனி, மூவாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு விதிக்கிறது. தொழில் நடைபெறும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தருக என்றும் அது உரைக்கிறது. நம்மவருள் இதனை அறிந்தோர் சிலரே. ஆயினும் 2021 ஏப்ரல் 1 முதல், அப்பணத்தைப் பெற்றுப் பணியாற்றும் சங்கம் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். வருமான வரித்துறைப் பதிவும் மூன்றாண்டுப் பணி அனுபவமும் அதற்குத் தேவை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி நடத்தும் சிற்றூர்ச் சங்கம், ஆலையின் புகைபோக்கி தெரியும் தொலைவிலேயே இருப்பினும், இத்தாள்கள் இல்லையேல் அந்நிதியை நேரே பெற இயலாது.