ஒரு 'இன்' வைத்த நெருப்பு

பெட்ரோல் டேங்கர் லாரியின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. வெளிநாட்டு சாமான்களில் அதுவே 'ஃப்ளேமபிள்' என்றிருக்கும். ஒன்று தீப்பிடிக்கும், இன்னொன்று தீப்பிடிக்காது என்றுதானே தோணுது? அதுதான் இல்லை. ரெண்டுக்கும் ஒரே பொருள்: சட்டுனு தீப்பற்றும்!

குழப்பத்துக்குக் காரணம் அந்த 'இன்'. விசிபிளுக்கு முன்னால் வந்தால் 'இல்லை' என்று மறுக்கும். ஆனால் இங்கே மூலச்சொல் 'இன்ஃப்ளமாரே' என்ற லத்தீன் வினை. தீமூட்டுதல் என்று அர்த்தம். அதிலுள்ள 'இன்' 'உள்ளே' என்பதைச் சொல்லும் வேறொரு முன்னொட்டு. வீக்கத்தை டாக்டர்கள் இன்ஃப்ளமேஷன் என்கிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான்.

வயசுல மூத்தது இன்ஃப்ளேமபிள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இருக்கு. ஃப்ளேமபிள் 1813இல் ஒரு லத்தீன் நூலின் மொழிபெயர்ப்பில் தலைகாட்டி, அப்புறம் நூறு வருஷம் யாரும் சீண்டாமல் கிடந்தது.

அதைத் தூசி தட்டி எடுத்தவர்கள் இலக்கணப் புலவர்கள் இல்லைங்க, தீத்தடுப்புக்காரர்கள். 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம், 'இனி ஃப்ளேமபிள் என்றே எழுதுங்க' என்று வலியுறுத்தியது. பீப்பாயைத் தூக்குகிற தொழிலாளி 'இன்' என்பதை 'இல்லை' என்று படித்துவிட்டால் உயிர் போயிடுமே! 1953இல் அங்கே வந்த துணிகளுக்கான தீப்பாதுகாப்புச் சட்டத்தின் பெயரிலேயே ஃப்ளேமபிள் ஏறிவிட்டது. 1959இல் பிரிட்டிஷ் தரநிர்ணய நிறுவனமும் அதே பக்கம் சாய்ந்தது.

சொல் விஷயத்தில் இவ்வளவு பயம் தேவையான்னு கேட்கலாம். பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற மொழியியலாளர் பிழைப்புக்குத் தீக்காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். பெட்ரோல் நிரம்பிய பீப்பாய் பக்கத்தில் ஜாக்கிரதையாக இருக்கிறவர்கள், 'காலி' பீப்பாய் என்றதும் அசால்ட்டாகப் புகைபிடிப்பதைக் கவனித்து எழுதினார். காலியில்தான் வெடிக்கும் ஆவி நிறைஞ்சிருக்கு! ஒரு சொல்லை நம்பி ஆளே போய்ச் சேரலாம்.

நம்ம ஊர்ச் சட்டம் மட்டும் பழசை விடவில்லை. 1952இல் இந்தியா போட்ட சட்டத்தின் பெயர் 'இன்ஃப்ளேமபிள் சப்ஸ்டன்சஸ் ஆக்ட்'. லாரி முதுகிலும் அதே பழைய சொல்தான்.

தமிழில் இந்த வம்பே இல்லை பாருங்க. தீப்பற்றும், தீப்பற்றாது. மறுப்பு கடைசியில் பளிச்சென்று வந்து நிற்குது.

இலக்கணப்படி பார்த்தால் பழைய சொல்லில் ஒரு குற்றமும் கிடையாது. ஆனாலும் என் ஓட்டு ஃப்ளேமபிளுக்குத்தான். எச்சரிக்கைப் பலகை படித்தவனின் அறிவைச் சோதிக்க வந்ததில்லை. அரைகுறையாகப் படிக்கிறவனையும் காப்பாற்ற வந்தது. பழையதை ஒரேயடியா தூக்கிப் போடவும் வேண்டாம். எதற்கெடுத்தாலும் பற்றிக்கொள்ளும் முன்கோபிகளைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்னமும் இன்ஃப்ளேமபிள்தான் பொருத்தம். அப்படி நாலு பேரை உங்களுக்கும் தெரிஞ்சிருக்குமே!