சொந்த ஊரையே ஆய்வு செய்யலாம்... மாதம் 37,000 ரூபாயும் வாங்கலாம்! - சுற்றுச்சூழல் மாணவர்களுக்கு ஒரு கைடு

மங்களூர்னு சொன்னதும் கர்நாடகாவுக்குப் போயிடாதீங்க. இது நம்ம கடலூர் மாவட்டத்தில், திட்டக்குடி பக்கம் இருக்கிற மங்களூர். பக்கத்திலேயே வெலிங்டன் ஏரி. கிழக்கே போனால் விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகள், அதையும் தாண்டினால் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம். சூளைப் புகையில் என்ன இருக்கு, சுரங்கத்தைச் சுற்றி நிலத்தடி நீர் என்ன ஆகுது, ஏரியில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்குன்னு எம்.எஸ்ஸி சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பவருக்கு இங்கேயே ஏகப்பட்ட தலைப்புகள் இருக்கு. 'தலைப்பு ஓகே, காசு?' என்கிறீர்களா? வழிகள் இதோ.

படிக்கும்போதே...

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் சிறு நிதி தருது. உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேளுங்கள். தொகை சின்னதுதான். ஆனால், 'நிதி பெற்று ஆய்வு செய்தவர்' என்ற வரி பின்னாடி ரொம்ப உதவும்.

நெட் - ஜே.ஆர்.எஃப்

யு.ஜி.சி நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப்பாடம். முதுநிலை இறுதியாண்டிலேயே எழுதலாம். தவறான விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது. ஜே.ஆர்.எஃப் கிடைத்தால் முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. வயது வரம்பு 30. பெண்கள், ஓ.பி.சி, பட்டியலின, பழங்குடியினருக்கு 5 ஆண்டுகள் தளர்வு உண்டு. அதனால, 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்'னு தள்ளிப்போடாதீங்க.

மாநில அரசு

முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில், தேர்வு மூலம் தேர்வாகும் முழுநேர பி.ஹெச்டி மாணவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் கிடைக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியின ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தனியாக இருக்கு. பி.ஹெச்டி வேண்டாம், களத்தில் இறங்கணும் என்பவர்களுக்கு முதலமைச்சரின் பசுமை ஃபெல்லோஷிப். மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து வேலை பார்க்கலாம்.

நெட் கிடைக்கலையா?

பேராசிரியர்கள் நிதி வாங்கி நடத்தும் ஆய்வுத் திட்டங்களில் 'புராஜெக்ட் ஃபெல்லோ'வாகச் சேரலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை இரண்டுமே இந்தப் பகுதிக்குப் பக்கம்தான். அவர்களின் இணையதள அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பாருங்கள்.

சேரும் முன் மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். திட்டம் முடிய இன்னும் எத்தனை மாதம் இருக்கு? இதிலேயே பி.ஹெச்டி பதிவு செய்ய முடியுமா? உதவித்தொகை மாதாமாதம் வருமா, மொத்தமாக வருமா? திட்டம் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். பி.ஹெச்டி நடுவில் கையில் காசில்லாமல் நிற்பதைவிட, இந்த ஐந்து நிமிடப் பேச்சு எவ்வளவோ மேல்.

இன்னிக்கே ஆரம்பிக்கலாம்

எந்த விண்ணப்பத்திலும் முதலில் பார்ப்பது உங்கள் கேள்வியைத்தான். 'நீர் மாசுபாடு' என்று பொதுவாக எழுதினால் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். 'எங்க ஊர் ஏரியில் கோடைக்கும் மழைக்கும் தண்ணீரின் தரம் எப்படி மாறுது?' என்பது உங்களால் மட்டுமே கேட்க முடிந்த கேள்வி. இந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஒரு நடை போய், அதை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள்!