இன்றைய உணவா, நாளைய உணவா? கிரேக்கர்களையே குழப்பிய பைபிள் சொல் 'எபியூசியோஸ்'

இயேசு தன் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை உலகம் முழுக்க கிறிஸ்தவர்கள் தினமும் சொல்கிறார்கள். நம்ம ஊரில் 'பரமண்டல ஜெபம்' என்பார்கள். அதன் நடுவில் உணவு கேட்கும் ஒரு வரி வரும். சின்னக் குழந்தைக்கும் மனப்பாடம். ஆனால் அந்த வரியில் இருக்கும் ஒரு கிரேக்கச் சொல்லுக்கு உறுதியான அர்த்தம் இதுதான் என்று இன்றுவரை யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அந்தச் சொல் 'எபியூசியோஸ்'. உணவு என்பதற்கு அடைமொழியாக வருகிறது. எந்த மாதிரி உணவு என்று சொல்ல வேண்டிய சொல் அது.

சரி, அகராதியில் பார்த்தால் தெரிந்துவிடாதா?

அதில்தான் சிக்கல். பைபிளில் இந்தச் சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. மத்தேயு 6:11, லூக்கா 11:3. இரண்டுமே அதே ஜெபம்தான். ஹோமர் காலத்தில் தொடங்கி எவ்வளவோ கிரேக்க நூல்கள் நம் கையில் இருக்கின்றன. அவற்றில், இந்த ஜெபத்துக்குத் தொடர்பில்லாத இடத்தில் இந்தச் சொல் இல்லை. ஒரு சொல்லை நாலு பேர் நாலு விதமாகப் பயன்படுத்தினால்தானே அர்த்தம் பிடிபடும்?

நமக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிஜன் என்ற அறிஞருக்குத் தாய்மொழியே கிரேக்கம். அறிஞர்களும் இதைப் பயன்படுத்தவில்லை, சாதாரண மக்கள் பேச்சிலும் இது இல்லை, நற்செய்தி எழுதியவர்களே உருவாக்கிய சொல் போலத் தெரிகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். இயேசு பேசியது அரமேயம். அவர் சொன்ன எந்தச் சொல்லை கிரேக்கத்தில் கொண்டுவர இப்படி ஒரு புதுச்சொல் தேவைப்பட்டது என்பதும் தெரியாது.

பிரித்துப் பார்த்தால் என்ன வருது?

இரண்டு விதமாகப் பிரிக்கலாம். 'எபி'யோடு 'ஊசியா' சேர்ந்தது என்றால், ஊசியா என்பது இருப்பு, உள்பொருள். அப்போது 'உயிர் வாழத் தேவையான உணவு' என்று ஆகும். கொஞ்சம் மேலே போய் 'பொருளுக்கு அப்பாற்பட்ட உணவு', அதாவது ஆன்மிக உணவு என்றும் சொல்லலாம்.

'வருதல்' என்ற வினையோடு சேர்த்தால் 'வரப்போகிற நாளுக்கான உணவு'. இதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. லூக்கா எழுதியதாகச் சொல்லப்படும் அப்போஸ்தலர் நடபடிகளில் 'மறுநாள்' என்பதற்கு 'எபியூசா' என்ற நெருங்கிய சொல் வருகிறது. ஆனால் மத்தேயுவின் அதே 6ஆம் அதிகாரத்தில்தான் நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்றும் இயேசு சொல்கிறார். அப்புறம் நாளைய சோற்றை இன்றே கேட்கச் சொல்வாரா? காலையில் ஜெபித்தால் 'வரும் நாள்' என்பது இன்றுதான் என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்களும் உண்டு.

'தினசரி' என்று எளிதாக முடித்துவிடலாமே என்றால், அதற்கு கிரேக்கத்தில் சாதாரணச் சொற்கள் இருக்கின்றன. லூக்கா அதே வரியில் 'ஒவ்வொரு நாளும்' என்று தனியாகவும் எழுதியிருக்கிறார். அப்படியானால் 'தினசரி உணவைத் தினசரி தா' என்று ஆகிவிடும்.

ஒரே ஆள், இரண்டு மொழிபெயர்ப்பு

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் நற்செய்திகளின் லத்தீன் வடிவத்தைத் திருத்திய ஜெரோம், லூக்காவில் 'தினசரி' என்றே வைத்தார். மத்தேயுவில் அதே சொல்லுக்கு 'பொருளுக்கு மேலான' என்று போட்டார்! எபிரேயர் நற்செய்தி என்ற நூலில் அந்த இடத்தில் 'நாளைக்குரிய' என்ற பொருளில் 'மகர்' என்ற சொல்லைப் பார்த்ததாகவும் அவரே குறித்திருக்கிறார். அந்த நூல் இன்று நம்மிடம் இல்லை. சர்ச்சில் நிலைத்தது 'தினசரி'தான். கூலி வேலை செய்து அன்றைக்கு அடுப்பு மூட்டுகிறவனுக்கு இது சாப்பாட்டுக்கான ஜெபம். ஆன்மிக உணவு என்று எடுத்துக்கொண்டால் வேண்டுதலே வேறாகிவிடுகிறது.

எகிப்தில் கிடைத்த செலவுக் கணக்கு

எகிப்தின் ஹவாரா என்ற இடத்தில் பிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியெடுத்த பாப்பிரஸ் ஒன்றில் இந்தச் சொல் இருப்பதாக ஆர்ச்சிபால்ட் சேய்ஸ் வாசித்தார். 1889இல் வெளியானது. அது வீட்டுச் செலவுக் கணக்கு. மளிகை லிஸ்ட்டில் இந்தச் சொல் வருகிறது என்றால் 'அன்றாடப் படி' என்றுதானே அர்த்தம்? புதிர் தீர்ந்தது என்று பலரும் நம்பினார்கள், 1925இல் பாப்பிரஸ் அகராதியிலும் ஏறியது. பிறகு அந்தப் பாப்பிரஸ் எங்கே போனது என்றே தெரியவில்லை.

1998இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அது மறுபடி கிடைத்தது. எடுத்து வாசித்தால் அங்கே இருந்தது 'எலாயூ'. எண்ணெய்! இருந்த ஒரே வெளி ஆதாரமும் போனது.

தமிழில் என்ன சொல்றோம்?

கத்தோலிக்கர்கள் செபிக்கும்போது 'அன்றாட' உணவு. புராட்டஸ்டன்ட் சபைகளில் 'வேண்டிய' ஆகாரம். முதலாவது லத்தீன் வழியோடு ஒத்துப்போகிறது. இரண்டாவது, 'எங்கள் தேவைக்கான' என்று போட்ட பழைய சிரியாக் பெஷித்தா பைபிளோடு. இரு தரப்பும் கலந்த கல்யாண வீட்டில் எல்லோரும் சேர்ந்து இந்த ஜெபத்தைச் சொல்லும்போது குரல்கள் பிசகுகிற இடங்களில் இதுவும் ஒன்று.