அட்லாண்டிக்கின் இரு கரைகளில் காலை ஆகாரம்

ஒரே பாஷையைப் பேசி, ஒரே வேத புத்தகத்தை வாசித்து, ஒரே சட்ட மரபிலிருந்து தங்கள் நியாய ஸ்தலங்களை அமைத்துக்கொண்ட ஆங்கிலேயரும் அமெரிக்கரும், பொழுது விடிந்து ஆகாரத்துக்கு உட்காரும் வேளையில் இரு வேறு இனத்தாராகவே தோன்றுகிறார்கள். இங்கிலாந்தின் மேஜையில் பால் கலந்த தேநீரும், வாட்டிய ரொட்டியும், கசப்பு ஆரஞ்சுப் பழத்தைச் சர்க்கரையில் காய்ச்சிய மார்மலேடும், ஓய்வு நாளானால் முட்டை, பன்றி இறைச்சி, தக்காளி, காளான் முதலியவற்றின் வறுவலும் இடம்பெற, அமெரிக்காவின் மேஜையிலோ பெரிய கோப்பை நிறையக் காப்பியும், குளிர்ந்த ஆரஞ்சுச் சாறும், மேப்பிள் மரத்துப் பாகு ஊற்றிய பான்கேக்கும் இருக்கின்றன. அங்கே, விசேஷமாகத் தென் மாகாணங்களில், ஒருவர் தேநீர் கேட்டால் பனிக்கட்டி மிதக்கும் இனிப்புப் பானமே கண்ணாடித் தம்ளரில் வந்து சேரும்.

இந்த வேற்றுமைக்குக் காரணம் கேட்போருக்குப் பொதுவாகக் கிடைக்கும் விடை, 1773-ஆம் ஆண்டு பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலை கடலில் கொட்டப்பட்டது என்பதே. அந்நிகழ்ச்சியின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆயினும் ஒரு ராத்திரியின் கோபம் ஒரு தேசத்தின் நாவை இரு நூற்றாண்டுகளுக்கு மாற்றிவிட்டது என்பதைச் சரித்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. சுங்க வரியும், கப்பல் வழியும், ஆலைகளின் மணியோசையும், உஷ்ண தேசங்களின் மலைச்சரிவுகளில் உழைத்தவர்களின் கைகளும் சேர்ந்தே இவ்விரு மேஜைகளையும் அமைத்தன என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஆங்கிலேயரின் காலைப் பானம் வாற்கோதுமையில் வடித்த இலேசான பியராகவே இருந்தது. ரொட்டியும், பாலாடைக் கட்டியும், வேண்டுமானால் உப்பிட்ட மீனும் அதற்குத் துணை. 1650-களின் இறுதியில் தாமஸ் கார்வே என்ற வியாபாரி லண்டனின் எக்ஸ்சேஞ்ச் சந்தில் தேயிலையை ஒரு மருந்துச் சரக்கைப் போல விற்கத் தொடங்கினார். கடற்படை அலுவலகத்தில் பெரிய பதவி வகித்த சாமுவேல் பெப்பிஸ், தாம் அதுவரை அருந்தியிராத அந்தச் சீனப் பானத்தை வரவழைத்துக் குடித்ததை, 1660 செப்டம்பர் 25-ஆம் தேதி தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வருஷங்களுக்குப் பின் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு மனைவியாக வந்த போர்ச்சுகீசிய இளவரசி காதரீன், பம்பாய்த் தீவைச் சீதனமாகக் கொண்டுவந்ததோடு, தாம் பிறந்த அரண்மனையின் தேநீர்ப் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார். அரசவையிலிருந்து பிரபுக்களின் மாளிகைகளுக்கும், அங்கிருந்து வியாபாரிகளின் இல்லங்களுக்கும் பரவிய அப்பழக்கம், கப்பலேறி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் சென்றது.

அக்காலத்தில் இரு கரைகளுக்கும் இவ்விஷயத்தில் பேதம் இருக்கவில்லை. 1749-ஆம் ஆண்டையொட்டி ஹட்சன் நதிக்கரையிலுள்ள ஆல்பனி நகரத்தைக் கண்ட ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி பேர் கால்ம், அந்நகரத்தார் காலையில் தேநீரே அருந்துவதாகவும், பெரும்பாலும் பால் சேர்ப்பதில்லை என்றும் குறித்திருக்கிறார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் படையைப் புறங்கண்ட ஜார்ஜ் வாஷிங்டன் கூட, தமது மவுண்ட் வெர்னன் இல்லத்தில், வெண்ணெயும் தேனும் வழிய மக்காச்சோள மாவு அடைகளைத் தின்று, அவற்றோடு தேநீர் குடிப்பதையே காலை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

பேதம் வரியிலிருந்து பிறந்தது. 1767-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு குடியேற்றங்களில் இறக்குமதியாகும் சில பண்டங்களின் மீது வரி விதித்தது. எதிர்ப்புக் கிளம்பவே 1770-இல் மற்றவற்றை ரத்து செய்த அது, வரி விதிக்கும் தன் உரிமைக்கு அடையாளமாகத் தேயிலையின் மீதிருந்த ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வரியை மட்டும் நிறுத்திக்கொண்டது. குடியேற்றவாசிகளோ டச்சுக்காரர்களிடமிருந்து திருட்டுத்தனமாக வந்த தேயிலையைக் குடித்து அவ்வரியிலிருந்து தப்பி வந்தார்கள். 1773-ஆம் ஆண்டுச் சட்டம், கிடங்குகளில் சரக்குத் தேங்கிக் கடன்பட்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி தன் தேயிலையை நேராக அமெரிக்காவுக்கு அனுப்பி மலிவாக விற்க வழி செய்தபோது, விலை குறைந்ததற்காக அவர்கள் மகிழவில்லை. தங்கள் சம்மதமின்றி விதித்த வரியை மலிவு என்னும் தூண்டிலில் கோத்து விழுங்கச் செய்கிறார்கள் என்றே கருதினார்கள். அவ்வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி இரவில், கிரிஃபின் துறையில் நின்ற டார்ட்மத், எலினார், பீவர் என்னும் மூன்று கப்பல்களில் ஏறிய பாஸ்டன் வாசிகள், 342 பெட்டிகளை உடைத்து, தொண்ணூறாயிரம் ராத்தலுக்கு மேற்பட்ட சீனத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்.

அதன்பின் தேநீரைத் துறப்பது தேசபக்தியின் லட்சணமாயிற்று. வட கரோலினாவில் ஈடன்டன் ஊரைச் சேர்ந்த 51 ஸ்திரீகள், 1774 அக்டோபரில், பிரிட்டிஷ் சரக்குகளைப் பகிஷ்கரிப்பதாகக் கையெழுத்திட்டார்கள். அரசியல் பத்திரத்தில் ஸ்திரீகள் பெயரிடுவதே அபூர்வமாயிருந்த காலம் அது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ், அதே வருஷம் ஒரு பிரயாணத்தில் களைத்துப் போய் விடுதிக்காரியிடம் தேநீர் கேட்க, இந்த வீட்டில் அதை விலக்கிவிட்டோம், காப்பி தருகிறேன் என்று அவள் சொல்ல, அன்று முதல் தினமும் காப்பியையே குடித்து வருவதாகத் தம் மனைவிக்கு எழுதினார். ராஸ்பெர்ரி இலை முதலியவற்றைக் காயவைத்துக் காய்ச்சிய கஷாயங்களை விடுதலைத் தேநீர் என்று பெயரிட்டுக் குடித்த குடும்பங்களும் பல.

இவ்விரதம் சுதந்திர யுத்தத்தோடு முடிந்தது என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சமாதானம் ஏற்பட்ட மறு வருஷமே, 1784 பிப்ரவரியில், எம்பிரஸ் ஆஃப் சைனா என்ற அமெரிக்கக் கப்பல் நியூயார்க்கிலிருந்து காண்டன் துறைமுகத்துக்குப் புறப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதத்தில் தேயிலையோடு திரும்பிற்று. சுதந்திர அமெரிக்கா தேநீரை வெறுத்திருந்தால் அக்கப்பலுக்கு வேலையே இருந்திராது. காப்பி அங்கே வென்றதற்குக் காரணம் அது அருகே விளைந்தது என்பதே. கரீபியன் தீவுகளும் பிரேசிலும் அமெரிக்கத் துறைமுகங்களுக்குச் சில வாரப் பிரயாணத்தில் இருந்தன. சீனமோ பூமியின் மறுபக்கத்தில் இருந்தது. 1830-களின் தொடக்கத்தில் காப்பியின் மீதிருந்த இறக்குமதி வரியும் நீங்கியது. உள்நாட்டு யுத்தத்தில் வடக்குச் சேனையின் போர்வீரனுக்குக் காப்பிக் கொட்டை படியாக அளக்கப்பட்டது; துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்ட தெற்கில் ஜனங்கள் சிக்கரி வேரையும் ஓக் மரத்துக் கொட்டையையும் வறுத்துக் காப்பிக்குப் பதிலாகக் காய்ச்சினார்கள். பாசறையில் பழகிய பானம், பிழைத்து வீடு திரும்பிய லட்சக்கணக்கான குடியானவர்களுடன் ஒவ்வொரு கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் காப்பியை விளைவித்தவர்கள் அடிமைகள். பிரேசிலில் அடிமைத்தனம் ஒழிந்தது 1888-இல்தான்.

இங்கிலாந்தில் நிலைமை நேர் எதிரானது. அங்கே தேநீரைப் பரவச் செய்தது வரிக் குறைப்பு. 119 சதவிகிதமாக உயர்ந்து கள்ளக் கடத்தலையே வளர்த்துவந்த தேயிலை வரியை, இளைய வில்லியம் பிட் 1784-இல் பன்னிரண்டரை சதவிகிதமாகக் குறைத்ததும், குடிசையில் வாழ்ந்தவனுக்கும் தேயிலை எட்டிற்று. இதற்கு முன்பே, தேநீர் தேகத்தையும் தேசத்தையும் பலவீனப்படுத்தும் என்று ஜோனாஸ் ஹான்வே 1756-இல் எழுத, தேநீரில் தீராத பிரியம் கொண்ட டாக்டர் சாமுவேல் ஜான்சன் அதை மறுத்து எழுதியதுண்டு. 1820-களின் தொடக்கத்திலும் வில்லியம் காபெட், ஏழைத் தொழிலாளி வீட்டில் வடிக்கும் பியரைக் கைவிட்டுத் தேயிலைக்கும் சர்க்கரைக்கும் காசைச் செலவிடுவது அவனை அழிக்கும் என்று கணக்குப் போட்டு வாதாடினார். அவருடைய இரக்கம் உண்மையானது. ஆனால் ஆலைகளின் காலம் வந்துவிட்டது. விடியுமுன் மணியடிக்கும் நெசவாலைக்கு ஓடும் குடும்பத்துக்குப் பியர் வடிக்க நேரமும் இல்லை, விறகும் இல்லை. ஆறிய ரொட்டியை உண்ணத்தக்கதாக்கும் சூட்டையும், உடலுக்குத் தெம்பையும், சர்க்கரையிட்ட ஒரு கோப்பைத் தேநீரே கொடுத்தது.

அச்சர்க்கரையும் கரீபியன் அடிமைகளின் உழைப்பில் வந்தது. 1791-இல் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் மசோதாவைப் பார்லிமெண்டு நிராகரித்தபோது, ஆயிரக்கணக்கான ஆங்கிலக் குடும்பங்கள் அந்தச் சர்க்கரையை வாங்குவதில்லை என்று விரதம் பூண்டன. தங்கள் உரிமைக்காகத் தேயிலையைத் துறந்த பாஸ்டன் வாசிகளைப் போற்றுகிற சரித்திரம், பிறருடைய விடுதலைக்காகச் சர்க்கரையைத் துறந்த இக்குடும்பங்களையும் அதே மரியாதையோடு நினைக்கவேண்டும் என்பது என் துணிபு.

1840-ஐ ஒட்டி பெட்ஃபர்டு சீமாட்டி அன்னா, மதிய உணவுக்கும் இரவு விருந்துக்கும் இடையே ஏற்பட்ட களைப்பைத் தீர்க்கத் தேநீரும் பணியாரங்களும் வரவழைத்ததிலிருந்து, பிற்பகல் தேநீர் ஒரு சமூக உபசாரமாயிற்று என்பர். வேலை முடிந்து மாலை வீடு திரும்பிய தொழிலாளி, உயர்ந்த சாப்பாட்டு மேஜையில் இறைச்சியோடும் ரொட்டியோடும் அருந்தியது வேறு. அது அவனுடைய இரவு உணவே. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, தொழிலாளியின் சாப்பாட்டுக்குரிய ஹை டீ என்ற பெயரைச் சீமாட்டியின் உபசாரத்துக்கு அமெரிக்க விடுதிகள் சூட்டிவருவது, ஒரு பழக்கம் கடல் கடக்கும்போது அதன் வர்க்க சரித்திரம் பின்தங்கிவிடுவதற்கு நல்ல உதாரணம்.

இந்தப் பெருந்தாகத்தைத் தீர்க்கச் சீனத் தேயிலை போதவில்லை; அதற்கு விலையாக அபினியைச் சீனத்தில் விற்ற வியாபாரம் 1839-இல் யுத்தத்தில் முடிந்தது. அதே வருஷம் ஜனவரியில் அஸ்ஸாம் தேயிலை முதன்முறையாக லண்டனில் ஏலத்துக்கு வந்தது. இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரா தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். இரண்டே வருஷங்களில் தோன்றிய இலை நோய் அத்தீவின் காப்பித் தோட்டங்களை அழித்துவிடவே, மலைநாடு முழுவதும் தேயிலை பரவிற்று. மதுரை, திருச்சிராப்பள்ளி, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்டு, மன்னார்க் காட்டு வழியில் பலர் மடிய, எஞ்சியோர் மலையேறி, காப்பித் தோட்டங்களில் உழைத்த நம் மக்களே, பின்பு தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களாகவும் ஆனார்கள். 1890-இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன், தம் கடைகளில் தேயிலையை மலிவாக விற்று அதை ஏழையின் பண்டமாக்கினார் என்று புகழப்படுகிறார். அந்த மலிவு லயத்து அறைகளில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களின் சொற்பக் கூலியிலிருந்து வந்தது.

பானத்தைப் போலவே ஆகாரமும் அண்மையில் உருவானதே. விக்டோரியா ராணியின் காலத்து நடுத்தரக் குடும்பங்கள், கிராமப்புறப் பிரபுக்களின் மேஜையைப் பார்த்து முட்டை, பன்றி இறைச்சி, சிறுநீரகம், புகையூட்டிய மீன் எனத் தங்கள் காலை உணவைப் பெருக்கிக்கொண்டன. நம் நாட்டுக் கிச்சடியை மீனும் முட்டையும் சேர்த்து மாற்றிய கெட்ஜரியும் அவ்வரிசையில் நின்றது. அமெரிக்காவின் குடியானவனோ, பூர்வகுடிகளிடம் கற்ற மக்காச்சோளக் கஞ்சியோடும் அடையோடும் இறைச்சியும் பழப் பணியாரமும் விடியற்காலையிலேயே உண்டு உழவுக்குப் போனான். நகரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கு அவ்வுணவு அஜீரணத்தைத் தந்தது. அஜீரணம் சீர்திருத்தக்காரர்களைத் தந்தது. மிச்சிகனில் பேட்டில் கிரீக் ஆரோக்கிய நிலையத்தை நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், மாமிசத்தையும் காப்பியையும் தேநீரையும் விலக்கச் சொன்னவர். 1894-இல் அங்கே வேகவைத்து மறந்துபோன கோதுமையை உருளைகளுக்கிடையே செலுத்தியபோது அது தகடுகளாக உதிர்ந்தது. அவருடைய தம்பி வில் கெல்லாக், மக்காச்சோளத் தகடுகளோடு சர்க்கரையைச் சேர்த்து 1906-இல் தனித் தொழிற்சாலை தொடங்கினார். நோயாளியின் பத்தியம் ஒரு தேசத்தின் உணவாயிற்று. ஆரஞ்சுச் சாறும், மிகுதியாக விளைந்த பழத்தை விற்கக் கலிபோர்னியத் தோட்டக்காரர்கள் 1916-ஐ ஒட்டிச் செய்த விளம்பரத்தால் மேஜைக்கு வந்ததே.

இப்போது இரு கரைகளும் ஒன்றிடமொன்று கடன் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. லண்டனின் ஃபோர்ட்னம் மேசன் கடையில் அபூர்வச் சரக்காக நுழைந்த அமெரிக்க ஹைன்ஸ் நிறுவனத்தின் தகர டப்பா அவரை விதை, இன்று ஆங்கிலக் காலை உணவிலிருந்து பிரிக்க முடியாததாகிவிட்டது. கெல்லாக் நிறுவனம் 1938-இல் மான்செஸ்டர் அருகே தொழிற்சாலை அமைத்தது. அமெரிக்காவில் தோன்றிய தேயிலைப் பையை 1953-இல் டெட்லி நிறுவனம் இங்கிலாந்தில் அறிமுகம் செய்ய, கெண்டியும் வடிகட்டியும் மெல்ல அலமாரிக்குப் போயின. பனித் தேநீர் 1904-இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் பிறந்தது என்பது பிரசித்தமான கதை. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே வர்ஜீனியாவின் சமையற் புத்தகத்தில் அதன் செய்முறை அச்சாகியிருக்கிறது. அமெரிக்க வீடுகளின் மின் அழுத்தம் பிரிட்டனில் உள்ளதில் ஏறக்குறைய பாதியே ஆதலால், மின்கெண்டியில் தண்ணீர் கொதிக்க அங்கே அதிக நேரம் பிடிக்கிறது என்ற சாமான்யக் காரணமும் அவர்களுடைய தேநீர் வழக்கத்தில் ஒரு பங்கு வகிக்கிறது.

ஆகவே, தேநீர் ஆங்கிலேயரின் சுபாவம், காப்பி அமெரிக்கரின் சுபாவம் என்று பேசுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. மந்திரிகள் வரியைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். வியாபாரிகள் அருகே விளைந்ததைக் கொண்டுவந்தார்கள். ஜனங்கள் கிடைத்ததைப் பழகி, பழகியதை நேசித்தார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்திலும் அதன் பின்னும், 1940 முதல் 1952 வரை, வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் என்று ஆளுக்கு அளந்து கொடுத்த அரசாங்கத்தின் தேயிலையைப் பகிர்ந்து குடித்த ஆங்கிலேயர், அதைத் தங்கள் மனவுறுதியின் அடையாளமாகவே கருதினார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த யுத்தம் முடிந்த சில ஆண்டுகளிலேயே, 1948-இல், அக்கொழுந்தைப் பறித்துக் கொடுத்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் சுதந்திர இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள் என்பதும் அதே தேநீரின் சரித்திரமே. சட்டத்தில் அவர்களுக்கு அவ்வுரிமை முழுமையாகத் திரும்ப அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. காலை ஆகாரத்தின் சரித்திரம் எழுதுவோர், மன்னர்களுக்கும் சீமாட்டிகளுக்கும் கொடுக்கும் இடத்தை இவ்வுழைப்பாளிகளுக்கும் கொடுக்கும்போதுதான் அந்தச் சரித்திரம் நிறைவு பெறும்.