குழந்தைகளின் தடுப்பூசியும் உலகின் பொருளுதவியும்

நோய் வந்தபின் மருந்து தேடுதலினும், அது வாராமற் காத்தலே மேலானது என்பது ஆன்றோர் கண்ட முடிபு. ஆயினும், காக்கும் வழியை அறிதல் வேறு. அவ்வழியை வறிய நாட்டுக் குழந்தைக்கும் எட்டச் செய்தல் வேறு.

பெரியம்மை ஒழிப்புப் பணி வெற்றியை நெருங்கிய 1974ஆம் ஆண்டில், உலக சுகாதாரப் பேரவை விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடக்கிற்று. சயரோகம், தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, இளம்பிள்ளைவாதம், சின்னமுத்து என்னும் ஆறு நோய்கள் அதன் இலக்காயின. அக்காலத்தில் வளர்முக நாடுகளிற் பிறந்த குழந்தைகளுள் நூற்றுக்கு ஐவர்தாமும் இப்பாதுகாப்பை முற்றப் பெற்றிலர். மருந்தின் விலை மட்டும் இதற்குக் காரணமன்று. குளிர் கெடாது அதனைக் கடைக்கோடிக் கிராமம்வரை கொண்டு செல்லும் பெட்டிகளும், வாகனங்களும், பயிற்சி பெற்ற பணியாளரும் இன்றி அம்மருந்து பயன்படாது.

1980இல் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் தலைமையை ஏற்ற ஜேம்ஸ் கிராண்ட் இக்குறையை நீக்க முற்பட்டார். 1985இல், உள்நாட்டுப் போரால் நலிந்த எல் சல்வடோரில் இரு சாராரும் குழந்தைகளுக்கு ஊசியிடும் நாட்களிற் போரை நிறுத்தினர். அதே ஆண்டில் றோட்டரிக் கழகத்தார் இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்க 12 கோடி டொலர் திரட்டக் கருதினர். 1988 அளவில் 24 கோடிக்கு மேல் திரண்டது. 1990இல் உலகக் குழந்தைகளுள் நூற்றுக்கு எண்பதின்மர் அடிப்படைத் தடுப்பூசிகளைப் பெற்றனர் எனப் பறைசாற்றப்பட்டது.

ஆனால், இலக்கெய்தியதும் ஊக்கம் தளர்ந்தது, நிதியும் சுருங்கிற்று. செல்வ நாடுகளிற் பரவிய புதிய தடுப்பூசிகள் வறிய நாடுகளை அடையாது நின்றன. இந்நிலையை மாற்றவே 2000ஆம் ஆண்டில் 'கவி' எனும் தடுப்பூசிக் கூட்டமைப்புத் தோன்றிற்று. கேற்ஸ் அறக்கட்டளை அதற்கு 75 கோடி டொலரை முதலாக வழங்கிற்று. உதவி பெறும் நாடு செலவில் ஒரு பங்கைத் தானும் ஏற்றல் வேண்டும். வருமானம் உயர உயர அப்பங்கும் உயர்ந்து, ஈற்றில் முழுச்செலவையும் அந்நாடே சுமத்தல் வேண்டும். இலங்கையும் இவ்வாறு உதவி பெற்றுப் பின் தன் காலில் நின்ற நாடுகளுள் ஒன்றாம்.

2025இல் இக்கூட்டமைப்பு அடுத்த ஐந்தாண்டுகளுக்கு 1190 கோடி டொலர் வேண்டிற்று. 900 கோடிக்குச் சற்று மேலாகவே வாக்களிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா தன் உதவியை நிறுத்துவதாக அறிவித்தது.

தடுப்பூசி ஒருமுறை கட்டி முடித்துவிடும் பாலமன்று. ஆண்டுதோறும் புதிய குழந்தைகள் பிறக்கின்றனர். ஆண்டுதோறும் அக்கடமையும் புதிதாகப் பிறக்கின்றது. கொடுப்போர் மனம் மாறுமிடத்து முதலில் வருந்துவது, கேட்கவும் வாய் திறவாத பச்சிளங் குழந்தையே. ஆதலின், பிறர் ஈகையை நன்றியுடன் ஏற்கும் நாடு, அது நிற்கும் நாளுக்கும் இன்றே ஆயத்தஞ் செய்தல் அறிவுடைமையாகும்.